புதுப்பிப்பு: வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கசப்பு, மணமும் நிற்கவில்லை

வீட்டிலேயே வறுத்து அரைக்கும் பொடி லேசாகக் கசக்கிறது, கொஞ்ச நாளில் மணமும் போய்விடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இரண்டுமே தீர்ந்துவிட்டன.

கசப்புக்குத் தீர்வு, தனித்தனியாக வறுக்கச் சொன்ன யோசனைதான். மல்லி விதை பெரியது, நிதானமாக வறுபடும். அது பதத்துக்கு வருவதற்குள் கூடவே கிடக்கும் சீரகம் கருகத் தொடங்கிவிடுகிறது. வெந்தயம் இன்னும் மோசம். பொன்னிறம் தாண்டினாலே கசப்புதான். இப்போது ஒவ்வொன்றையும் குறைந்த தீயில் தனியே வறுத்து, வாசனை எழுந்ததும் தட்டில் கொட்டிவிடுகிறேன். வாணலியிலேயே விட்டால் அடுப்பை அணைத்த பிறகும் வறுபடும். விகிதத்தை மாற்றச் சொன்னவர்கள் மன்னிக்கவும், அதற்குத் தேவையே வரவில்லை.

மணத்துக்கு: முழுதாக வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அரைப்பது. நன்றாக ஆறிய பிறகே அரைத்து, பொடியின் சூடும் தணிந்ததும் டப்பாவில் போட்டு, அடுப்புப் பக்கம் வைக்காமல் இருந்தால் சரி.

எதிர்பாராத ஒன்று: மிச்சமிருந்த பழைய பொடி புதியதைவிடக் காரமாகத் தெரிந்தது. மணம் தரும் எண்ணெய்கள் ஆவியாகிப் போகும், மிளகாயின் காரம் அப்படிப் போகாது. அதனால் பழைய பொடி என்று கூடுதலாகப் போடுபவர்கள் காரத்தைப் பார்த்துப் போடுங்கள். அப்புறம், கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலே டப்பாவைச் சாய்த்துக் கொட்டாதீர்கள். ஆவி பட்டால் பொடி கட்டி தட்டும்.