தோப்பு மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டரா, ஆட்டோவே போதுமா?

தென்னைவாசி:
பொள்ளாச்சி பக்கம் தோப்பு. போர்வெல்லில் 7.5 எச்பி நீர்மூழ்கி மோட்டார். நான் கோவையில் இருக்கிறேன். ராத்திரி மும்முனை மின்சாரம் வரும்போது எழுந்து போய் மோட்டாரைப் போட அப்பாவால் முடியவில்லை. போனிலிருந்தே ஓட்டும் மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கலாமா, இல்லை கரண்ட் வந்ததும் தானாக மோட்டாரைப் போடும் ஆட்டோ சுவிட்சும் டைமரும் போதுமா?

பேனல்காரர்:
ஆட்டோவே போதும் தம்பி. மூன்று ஃபேஸும் (முனையும்) சரியாக வந்தால் சில வினாடி பொறுத்து மோட்டாரை எடுத்துவிடும். ஒரு ஃபேஸ் போனால், ஸ்டார்ட்டர் பேனலில் உள்ள ப்ரிவெண்டர் என்ற பாதுகாப்புக் கருவி நிறுத்தும். போரில் தண்ணீர் வற்றினால் மோட்டார் இழுக்கும் ஆம்ப்ஸ் குறையும், அதை வைத்து டிரை ரன் (தண்ணீரில்லாமல் ஓடுவது) கட் ஆகும். இவை எதற்கும் போன் சிக்னல் வேண்டாம். மொபைல் ஸ்டார்ட்டரில் பலவும் 2ஜி சிம்மில் ஓடுபவை. ஜியோவில் 2ஜி கிடையாது, வேறு சிம் போட்டு விடாமல் ரீசார்ஜ் செய்யணும்.

சொட்டுநீர்:
அண்ணா, ஆட்டோவின் பெரிய குறையை விட்டுவிட்டீர்கள். மழை கொட்டிய அன்றும் கரண்ட் வந்தால் அது ஓட்டும். ஈரமான வட்டப்பாத்தியில் மறுபடி தண்ணீர், நிலத்தடி நீர் வீண். அப்புறம், சப்ளை வந்ததும் அந்த லைனில் உள்ள எல்லா ஆட்டோவும் ஒன்றாக எடுக்கும். கிளம்பும்போது மோட்டார் பல மடங்கு ஆம்ப்ஸ் இழுக்கும். வோல்டேஜ் படுத்துவிடும், டிரான்ஸ்பார்மரும் தாங்காது.

பேனல்காரர்:
பக்கத்துத் தோட்டக்காரர்களோடு பேசி, பேனலுக்குப் பேனல் டைமரை முன்னே பின்னே வைத்தால் அது தீரும். மழைக்கு ஆட்டோ சுவிட்சை அப்பா பகலிலேயே அணைத்துவிடலாம். என் பயம் வேறு. கம்பெனி சர்வரை நம்பும் கருவி என்ன ஆகும்? வீட்டுச் சாதனங்களை இணைக்கும் ரிவால்வ் என்ற கருவியின் கம்பெனியை 2014-ல் கூகுள் குழுமத்தின் நெஸ்ட் கம்பெனி வாங்கியது, 2016 மே மாதம் சேவையை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களிடம் மிஞ்சியது வெறும் பெட்டி. இங்கே கருவி அப்படிக் கைவிட்டு மோட்டார் எரிந்தால் பைப்போடு மேலே எடுத்து, காயில் (கம்பிச்சுருள்) கட்டி, திரும்ப இறக்கும் வரை மரம் காயும்.

சொட்டுநீர்:
கால், எஸ்எம்எஸ்ஸில் ஓடும் ஸ்டார்ட்டருக்கு சர்வரே வேண்டாம். நடுராத்திரி ரெண்டு ஃபேஸ் ஆகி ப்ரிவெண்டர் நிறுத்தினால் உங்கள் பேனல் யாருக்கும் சொல்லாது. இது மெசேஜ் அனுப்பும். வயதானவர் பாம்பு நடமாடும் வரப்பில் டார்ச்சோடு போய்ப் பார்க்க வேண்டியதில்லை. எனக்கு அது ஒன்றே போதும்.

பேனல்காரர்:
சரி, செய்தி வரட்டும். ஆனால் மோட்டாரின் பாதுகாப்பு போனில் இருக்கக் கூடாது. சிம்மைக் கழற்றிவிட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ப்ரிவெண்டரும் டிரை ரன்னும் அப்போதும் வேலை செய்தால் வாங்கலாம்.

தென்னைவாசி:
கேட்டுப் பார்க்கிறேன். பேனல் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது, சிக்னல் எடுக்குமா?

சொட்டுநீர்:
பெட்டிக்குள் எடுக்காது. ஒயர் வைத்த ஆன்டெனா கிடைக்கும், அதை வெளியே சுவரில் மாட்டுங்கள்.