2013 வேகன்ஆர்: துருப்பிடித்த நாகப்பட்டினம் வண்டியா, பளபளக்கும் சென்னை வண்டியா?

மன்னைவாசி:

வணக்கம். ஊர் மன்னார்குடிக்குப் பக்கம், வீட்டுக்கு முன்னால் ரோடு, பின்னால் வயல். அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகிவிட்டது, இனிமேல் பஸ் படி ஏற முடியாது, மாதம் இரண்டு தடவை தஞ்சாவூர் போய் வர வேண்டும். கையில் இரண்டே முக்கால் லட்சம் இருக்கிறது, அதில் ரிப்பேருக்கு முப்பதாயிரம் எடுத்து வைத்துவிட்டுத்தான் வண்டி விலை பேச வேண்டும் என்பது என் மனைவியின் உத்தரவு. குனியாமல் ஏறி உட்காரலாம் என்பதால் வேகன்ஆர் என்று முடிவாகிவிட்டது. ஸ்விஃப்ட் வாங்கு, ஐ10 வாங்கு என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள்.

இரண்டு வண்டி பார்த்திருக்கிறேன். இரண்டுமே 2013 மாடல், ஒரு லிட்டர் பெட்ரோல். ஒன்று நாகப்பட்டினத்து வண்டி, டிஎன் 51, ஓய்வு பெற்ற வாத்தியார், ஒரே ஓனர், 94,000 கிலோமீட்டர். கதவுக்கு அடியில் துரு தெரிகிறது, பெயின்ட் மங்கிவிட்டது, 2,30,000 சொல்கிறார். இன்னொன்று ஒரு பழைய கார் கடையில் நிற்கிறது, சென்னைப் பதிவு, இரண்டு ஓனர், மீட்டரில் 51,000 தான், புது சீட் கவர், புது மேட், பார்க்கவே ஜம்மென்று இருக்கிறது. 2,15,000க்குத் தருகிறார்களாம். மனசு சென்னை வண்டிக்குத்தான் போகிறது. நம்ம பக்கம் இந்த வண்டியை வைத்து ஓட்டியவர்கள் சொல்லுங்கள், நம்பி வாங்கலாமா?

குடந்தை 68:

தம்பி, என்னிடம் இருப்பது 2012 மாடல். 38,000 ஓடியிருந்தபோது வாங்கினேன், இப்போது 1,32,000. இத்தனை வருஷத்தில் நடுரோட்டில் நின்றது இரண்டே தடவை. முதல் தடவை பேட்டரி, அது ஐந்து வருஷம் மாற்றாமல் ஓட்டிய என் சோம்பேறித்தனம். இரண்டாவது எலி.

எலி என்றதும் சிரிக்காதீர்கள், பின்னால் வயல் என்று சொன்னீர்களே அதனால் சொல்கிறேன். தை மாதம் சம்பா அறுப்பு முடிந்ததும் வயலில் இருந்ததெல்லாம் வீட்டுப் பக்கம் வந்துவிடும், சாயங்காலம் நிறுத்திய வண்டியின் பானெட்டுக்குள் சூடு இருக்கும், இருட்டு இருக்கும், அதற்கு வேறென்ன வேண்டும். காலையில் சாவியைத் திருப்பினால் மஞ்சள் விளக்கு எரிகிறது, இன்ஜின் நொண்டுகிறது, திறந்து பார்த்தால் இன்ஜெக்டருக்குப் போகும் ஒயரைக் கடித்துத் துப்பி வைத்திருக்கிறது. அன்றைக்கு 4,500 ரூபாய் போயிற்று. அந்துருண்டை கட்டினேன், புகையிலை வைத்தேன், எதற்கும் அது பயப்படவில்லை. இப்போது அறுப்பு முடிந்த ஒரு மாதம் மட்டும் ராத்திரி பானெட்டைத் திறந்தே வைத்துவிடுகிறேன். வெளிச்சமும் காற்றும் பட்டால் தங்குவதில்லை, பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும்.

இன்ஜினைப் பற்றிக் கேட்டால், இது மாருதியின் கே சீரிஸ், வால்வைத் திறந்து மூட டைமிங் பெல்ட் கிடையாது, செயின். பெல்ட் மாற்றும் செலவு மிச்சம், ஆனால் அந்தச் செயின் ஆயிலை நம்பித்தான் இருக்கிறது. 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்றிவிட வேண்டும். மாதம் இரண்டு தடவைதானே ஓடுகிறது என்று விட்டுவிடாதீர்கள். மூன்று சிலிண்டர் என்பதால் நிற்கும்போது ஸ்டியரிங்கில் லேசான நடுக்கம் இருக்கும், அது இயல்பு. டம்ளர் தண்ணீர் தளும்புகிற அளவுக்கு ஆடினால் இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் போய்விட்டது என்று அர்த்தம். கிளட்ச் எனக்கு 80,000த்தில் போயிற்று, பையன் கார் கற்றுக்கொண்டது இதில்தான், வண்டியைச் சொல்லிக் குற்றமில்லை. மைலேஜ் எனக்கு 16, ஏசி போடாமல் தஞ்சாவூர் போனால் 18.

அப்புறம் இன்னொன்று, ரோட்டில் வைக்கோலும் உளுந்துச் செடியும் காயப் போட்டிருப்பார்கள் அல்லவா, சுற்றிப் போக இடம் இருந்தால் அதன் மேல் ஏற்றாதீர்கள். ஒரு தடவை பாபநாசம் தாண்டிக் கருகல் வாசனை வந்து இறங்கிப் பார்த்தால் சைலன்ஸரில் வைக்கோல் கயிறு மாதிரி சுற்றிக்கொண்டு புகைகிறது. இன்னும் பத்து நிமிஷம் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

உப்புக்காற்று:

நான் வேதாரண்யம் பக்கம். துரு தெரிகிற வண்டியைப் பார்த்துப் பயப்படுவதைவிட, துரு எந்த இடத்தில் என்று பாருங்கள். கதவுக்கு அடியில், டிக்கி ஓரத்தில் இருந்தால் டிங்கரிடம் விட்டால் ஐயாயிரம் பத்தாயிரத்தில் முடியும். கடலோரத்தில் பன்னிரண்டு வருஷம் நின்ற வண்டியில் அதுகூட இல்லையென்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும். பார்க்க வேண்டியது வேறு. வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள், ஜாக்கி வைக்கும் இடம், கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு, பிரேக் பைப், பானெட்டுக்குள் ஷாக் அப்சார்பர் தலை உட்காரும் இடம், இவற்றை ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். டங் என்று சத்தம் வந்தால் தகடு இருக்கிறது. பொசுக்கென்று உள்ளே போனால் வாத்தியாருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ரேடியேட்டர் மூடியையும் திறந்து பாருங்கள், இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும். பச்சையோ நீலமோ சிவப்போ இருந்தால் கூலன்ட், இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம். செங்கல் கரைத்த மாதிரி இருந்தால் போர்வெல் தண்ணீரை ஊற்றியே காலம் தள்ளியிருக்கிறார்கள், எங்கள் ஊர் உப்புத் தண்ணீர் ரேடியேட்டரைத் தின்றுவிடும்.

கஜா புயல் அடித்த அன்று, 2018 நவம்பர் 16, தென்னை விழுந்து கூரை நசுங்கிய வண்டியை நான் தட்டி நிமிர்த்தி இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை, கூரையில் பெயின்ட்டுக்கு அடியில் பூசிய பட்டிதான் வருஷா வருஷம் உப்புகிறது.

ஸ்பேனர் திருவாரூர்:

சார், மெக்கானிக்காகச் சொல்கிறேன். சென்னை வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா? கொடுக்கவில்லையென்றால் கொடுக்காதீர்கள், முதலில் இதையெல்லாம் பாருங்கள்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை கார் தண்ணீரில் நின்றது என்று எல்லோரும் டிவியில் பார்த்தோம். எல்லாம் பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறீர்களா? மூழ்கிய வண்டியைக் கழுவி, சீட் கவர் மாற்றி, வாசனை அடித்து நிறுத்திவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. சீட் பெல்ட்டை கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சுருளுக்குள் இருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை, அங்கே சேறு கோடு இருக்கும். மேட்டைத் தூக்கி அதற்குக் கீழே உள்ள கார்ப்பெட்டில் மூக்கை வையுங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட், ஸ்டெப்னி கிடக்கும் குழி, இரண்டிலும் துரு இருக்கிறதா பாருங்கள். மேலே ஒரு பொட்டுத் துரு இல்லாத வண்டிக்கு உள்ளே துரு எப்படி வரும்?

மீட்டரை நம்பாதீர்கள். 51,000 ஓடிய வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்காது. டயரில் நான்கு இலக்கம் இருக்கும், 3216 என்றால் 2016ஆம் வருஷம் 32ஆவது வாரம் செய்தது. அதை வைத்து டயர் எத்தனை செட் மாறியிருக்கும் என்று கணக்குப் போடலாம். சர்வீஸ் புக் இல்லையென்றால் நம்பரைக் கொடுத்துக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் எத்தனை கிலோமீட்டரில் கடைசியாக வந்தது என்று கேட்டுப் பாருங்கள். 

எந்த வண்டியாக இருந்தாலும் 2028ல் 15 வருஷம் ஆகிவிடும், ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். கட்டணம் தனி, பசுமை வரி தனி, அதற்கு முன்னால் டிங்கரிங், பெயின்ட் என்று ஒரு செலவு வரும், இப்போதே விலையில் பேசிக் கழித்துக்கொள்ளுங்கள். லோன் போட்ட வண்டி என்றால் எச்.பி., அதாவது வண்டி மேல் உள்ள கடன் பதிவு, கேன்சல் ஆகியிருக்கிறதா என்று ஆர்.சி.யில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸ் பெயர் மாற்ற 14 நாள்தான்.

பெட்ரோல் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய வண்டியில் பெட்ரோல் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள், அது சின்னச் செலவுதான்.

மன்னைவாசி:

அண்ணே, சார், எல்லோருக்கும் நன்றி. நேற்று இரண்டு இடமும் போய் வந்தேன்.

கடையில் சீட் பெல்ட்டை இழுத்ததும் கூட வந்த பையன் “அதெல்லாம் எதற்கு சார் இழுக்கிறீர்கள்” என்று ஓடி வந்தான். கடைசி ஒரு முழம் மட்டும் காபி நிறம். கிளட்ச் பெடல் ரப்பரில் கோடே இல்லை. ஒன்றும் பேசாமல் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வாத்தியார் வண்டியை நாகப்பட்டினத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஏற்றிப் பார்த்தோம். அவரே கூட வந்து ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கொடுத்தார். எல்லா இடத்திலும் டங் என்றுதான் கேட்டது, இடது பக்க ரன்னிங் போர்டில் மட்டும் ஒரு சாண் அளவுக்கு ஓட்டை. வெட்டி வெல்டிங் வைக்க 6,000 ஆகும் என்றார்கள். கூலன்ட் பச்சை. ஒவ்வொரு சர்வீஸ் பில்லையும் நோட்டில் ஒட்டி, பக்கத்தில் கிலோமீட்டரைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார், மார்க் போட்ட மாதிரி. 2,12,000க்கு முடித்தேன். அம்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு உயரம் சரியாக இருக்கிறது, ஆனால் கறுப்பு நிறம் வேண்டாமே என்றார், இனி அதற்கு என்ன செய்வது.

குடந்தை அண்ணே, பானெட்டைத் திறந்து வைத்தால் எங்கள் வீட்டுப் பூனை உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறதே, பரவாயில்லையா?

குடந்தை 68:

பூனை படுத்தால் எலி வராது, இன்னும் நல்லது. காலையில் மூடுவதற்கு முன் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மூடுங்கள்.