விக்டோரியா அணைக்குப் போனனாங்கள், போன ஆக்கள் நீங்களும் எழுதுங்கோ

யாழ்ப்பாணத்திலை இருந்து கண்டிக்குப் போறவை தலதா மாளிகை, பேராதனைத் தோட்டம் பாத்திட்டுத் திரும்பிடுவினம். இன்னும் அரை நாள் ஒதுக்கி திகணைப் பக்கம் மகாவலி ஆத்தை மறிச்சுக் கட்டின விக்டோரியா அணையையும் பாத்திட்டு வாங்கோ. மேலை மேட்டிலை பார்வையாளர் நிலையம் இருக்குது, அணையின்ரை மாடலும் கட்டேக்கை எடுத்த படங்களும் வைச்சிருக்கினம், என்ரை மகள் மாடலை விட்டு அசையவே இல்லை.

122 மீட்டர், இலங்கையிலையே உயரமான அணை. ஆனா அடியிலை 25 மீட்டர், உச்சியிலை 6 மீட்டர் தடிப்புத்தான். சுவர் தண்ணிப்பக்கமா வளைஞ்சு நிக்குது, அந்த வளைவு தண்ணீன்ரை அமுக்கத்தை ரெண்டு பக்க மலைக்கும் தள்ளி விடுறதாலைதான் இவ்வளவு மெல்லிசா இருந்தும் தாங்குது. மிஞ்சின தண்ணியைத் திறந்து விட 8 வான்கதவு. தண்ணி சுரங்கத்துக்குள்ளாலை கீழை இருக்கிற பவர் ஹவுசுக்குப் போய் 3 டர்பைனைச் சுத்தி 210 மெகாவாட் வரைக்கும் குடுக்குது. சண்டைக் காலத்திலை சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோ சுத்தி ரேடியோ கேட்ட எங்களுக்கு இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை, நாங்கள் கையாலை சுத்தினதை அங்கை மகாவலி சுத்துது. அணை திறந்தது 1985 சித்திரை, அதுக்குப் பிறகு அஞ்சு வருசத்திலை சண்டையாலை எங்கடை பக்கம் கரண்டே இல்லாமல் போச்சு, ஜாம் போத்தல் விளக்கிலைதான் படிச்சனாங்கள்.

என்னை உலுப்பினது பழைய தெல்தெனியா. கடை, பள்ளிக்கூடம், கோயில் எண்டு இருந்த டவுன் அப்பிடியே நீர்த்தேக்கத்துக்குள்ளை போட்டுது, நல்லா வத்தின காலத்திலை இடிஞ்ச சுவருகள் வெளியிலை தெரியுமாம். ரோட்டோரத்திலை பழம் வித்த ஐயா ஒராள், எனக்குத் தெரிஞ்ச அரைகுறைச் சிங்களத்திலை கேக்க, வாழைச்சீப்பை வைச்சிட்டு தண்ணியைக் காட்டி "அதுக்குள்ளைதான் எங்கடை வீடு" எண்டார். 95இலை சண்டையாலை ஊரை விட்டு வெளிக்கிட்ட எங்களுக்கு திரும்பி வர ஒரு காணித்துண்டாவது கிடந்தது, அந்த மனிசனுக்கு அதுவுமில்லை. எனக்கு அதுக்குப் பிறகு ஒண்டும் கேக்க வரேல்லை.

மீனுக்கும் அதே கதைதான். லேபியோ ஃபிஷேரி எண்டு இலங்கையிலை மட்டும் இருக்கிற மீன், மேல் மகாவலியிலை பெரிய பாறைகளுக்கு இடையிலை வேகமாப் பாயுற தண்ணியிலை வாழுறது, தேங்கி நிக்கிற குளம் அதுக்குச் சரிவராது, இப்ப அழியிற நிலையிலை இருக்குது. ஆனா ஒரு நல்ல விசயமும் சொல்லவேணும், 1987இலை விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை எண்ட மூண்டு நீர்த்தேக்கத்தையும் சுத்தி இருந்த காட்டை சரணாலயமாக்கி விட்டினம். மலையிலை காடு இல்லாட்டி மண் கரைஞ்சு வந்து குளத்தைத் தூத்துப்போடும். ரந்தெனிகல ரோட்டாலை பின்னேரம் போறவை மெதுவா ஓடுங்கோ, யானை குறுக்கை வரும்.

---

அண்ணை, நான் தலவாக்கலைப் பக்கம் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் பாத்தனான், 2012இலை தொடங்கினது, 150 மெகாவாட். அங்கை சென் கிளேயர் அருவிதான் கவலை. சின்னனிலை அப்பாவோடை போகேக்கை கோச்சி யன்னலாலை பாத்தா முழு அகலத்துக்கும் வெள்ளையா விழும். இப்ப தண்ணியை மேலையே மறிச்சு சுரங்கத்துக்குள்ளை விடுகினம், அருவிக்கெண்டு பகல்லை கொஞ்சம் திறந்து விடுறதுதான். எனக்கும் கரண்ட் வேணும், ஆனா இனி ஒரு அருவியிலையும் கை வைக்காமல் வெயிலிலையும் காத்திலையும் எடுக்கட்டும், எங்கடை பக்கம் ரெண்டும் தாராளமாக் கிடக்குது.