அமைச்சர் முதலீடு தேடி வெளிநாடு போனார்: மலேசியாவில், கெடாவின் பாடாங் செராய் பக்கம் நீங்கள் கண்டது என்ன?

தே தாரே வியாபாரி

கோவிட்டுக்கு முன்னால் நடந்தது. எந்த அமைச்சர், எந்த வருடம் என்று எழுதப் போவதில்லை. குறை அவர் மேல் இல்லை. சென்னைக்கு ஒரு வர்த்தகக் குழு போனது, பாக்கெட் தே தாரே (ஆற்றிய பால் தேநீர்) தூள் போடும் எங்களுக்கும் ஒரு மேசை கிடைத்தது. பழைய தோட்டத்து லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஆரம்பித்த தொழில். நான், மனைவி, மச்சான், பக்கத்து வீட்டு அக்கா. நாலே பேர்.

ஹோட்டல் மண்டபம். எங்களுக்கு இந்தப் பக்கம் பறவைக்கூடு விற்பவர், அந்தப் பக்கம் ரப்பர் கையுறைக்காரர். அமைச்சர் வருகிறார் என்றதும் மனைவி சுடுதண்ணீர் ஊற்றி ஒரு குவளை ஆற்றி வைத்தாள். உயரத் தூக்கி ஆற்றினால்தான் நுரை நிற்கும். அவர் நின்றார், ஒரு வாய் குடித்தார், எத்தனை பேருக்கு வேலை கொடுக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். என் வாயில் "செபெலாஸ்" என்று வந்துவிட்டது. பதினொன்று. ஏன் பதினொன்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பின்னால் நின்ற அதிகாரி சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த குவளையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

நாற்பது விநாடி இருக்கும். அமைச்சர் "பாகுஸ்", நல்லது, என்று தோளைத் தட்டிவிட்டுக் கையுறைக்காரரிடம் போய்விட்டார்.

அந்தப் பதினொன்று எங்கே போனது? எதோடு சேர்த்துக் கூட்டினார்கள்? ஊருக்குத் திரும்பிக் கொட்டகைக் கதவைத் திறந்தபோது, இல்லாத ஏழு பேரும் உள்ளே நிற்கிற மாதிரி இருந்தது. இன்றைக்கும் நாங்கள் ஆறு பேர்தான். "இத்தனை ஆயிரம் வேலை வாய்ப்பு" என்று பத்திரிகையில் பார்க்கும்போதெல்லாம், என் ஏழு பேரும் அதில் இருக்கிறார்களோ என்று தோன்றுகிறது. உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

மூன்றாம் ஷிப்ட்

அண்ணே, நான் இதற்கு மறுபக்கத்தில் நின்றவள். கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்பேட்டையில் பதினாலு வருடமாக வேலை செய்கிறேன், கம்பெனி பெயர் வேண்டாம். அமைச்சர்கள் வெளிநாடு போய் அழைத்தவர்கள் கொஞ்ச நாள் கழித்து இடத்தைப் பார்க்க வருவார்கள் இல்லையா, அப்படி ஒரு நாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும்தான் தெரியும்.

என் கையில் வில்லைப் பெட்டி. ஒரு பெட்டியில் சிப் செய்கிற 25 சிலிக்கான் வில்லைகள், கீழே விழுந்தால் அவ்வளவுதான். குழுவில் ஒரு வெள்ளைக்கார அம்மா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பதிலுக்குக் கையை அசைக்க முடியவில்லை. தலையை ஆட்டினேன். அந்த உடுப்புக்குள் தலையாட்டியது வெளியே தெரிந்திருக்குமா என்று தெரியாது. அவர் கையை எடுத்துவிட்டு நடந்துவிட்டார்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். விடியற்காலைப் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, இருட்டிலேயே கிளம்புவார், விரல் இடுக்கில் பால் கறை போகவே போகாது. அந்த அம்மாவின் சுத்தமான உள்ளங்கையைப் பார்த்தபோது ஏனோ என் அம்மாவின் கைதான் ஞாபகம் வந்தது. அவரைக் கூட்டி வந்து இந்தக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்த வேண்டும் என்று அன்று தோன்றியது, இன்னும் நடக்கவில்லை.

எண்ணிக்கை கூடக் குறைய இருக்கலாம் அண்ணே. ஆனால் ஆட்கள் இருக்கிறோம். 2024 ஆகஸ்ட் 8-ல் கூலிமில் ஜெர்மன் நிறுவனமான இன்ஃபினியனின் சிலிக்கான் கார்பைடு சிப் ஆலையின் முதல் கட்டத்தைத் திறந்தார்கள், பிரதமர் அன்வார் வந்திருந்தார். முதல் கட்டத்துக்கு மட்டும் 200 கோடி யூரோ, 900 வேலை என்றார்கள். அந்த நிறுவனம் 2006-லிருந்து இங்கே இருக்கிறது. எனவே ஒரு பயணத்தில் எல்லாம் வந்து குவிவதில்லை. யாரோ போய்க்கொண்டே இருக்கிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள், இருபது வருடத்தில் ஒரு ஊர் மாறுகிறது. பயணமெல்லாம் வீண் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கிராணி மகன்

சகோதரி, உங்கள் வேலை நிரந்தர வேலை, அதனால் அப்படித் தெரிகிறது. என் தங்கை மகன் அதே பார்க்கில் ஏஜென்ட் மூலம் ஒப்பந்தத்தில் இருக்கிறான். ஆர்டர் குறைந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது அவன்தான். 900 வேலை என்று சொல்பவர்கள், அதில் எத்தனை நிரந்தரம் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, என் கதை. 2023 ஏப்ரல் முதல் வாரம். பிரதமர் சீனா போய் 19 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள், 17,000 கோடி வெள்ளிக்கு (ரிங்கிட்) முதலீட்டு உறுதி என்று எல்லா இடத்திலும் அதே பேச்சு. ஒட்டுக்கடையில் அப்பாவோடு கோப்பி ஓ குடித்துக்கொண்டிருந்தேன். அப்பா தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்தவர், முப்பது வருடத்துக்கு மேல் செக்ரோல் என்கிற கூலிப் பதிவேடு எழுதிய கை. பில் சீட்டைத் திருப்பிப் போட்டு 17 எழுதி, அதன் பின்னால் பத்துச் சைபர் போட்டார். மூன்று மூன்றாகக் கமா போட்டுப் பேனா முனையால் ஒவ்வொரு சைபராகத் தொட்டு எண்ணினார். பிறகு கீழே ஒரு கோடு இழுத்து, அதன் ஓரத்தில் விரலை வைத்து, "இங்கே யார் கையெழுத்து?" என்று கேட்டார்.

செக்ரோல் தெரிந்தவர்களுக்கு இது புரியும். கிராணி எவ்வளவு அழகாகக் கணக்கு எழுதினாலும், கடைசியில் துரை கையெழுத்து விழாமல் ஒரு சென் வெளியே வராது. நான் அப்போது, "விடுங்கப்பா, இது நாட்டு விவகாரம், தோட்டத்துக் கணக்கு இல்லை" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வருடம் ஒருநாள் திடீரென்று, "அந்தக் கையெழுத்து விழுந்துவிட்டதா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்று அவரிடம் அப்படிப் பேசியது இன்னும் உறுத்துகிறது, ஏனென்றால் அவர் கேட்டதுதான் சரியான கேள்வி.

புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்று, மிடா என்கிற அரசு முதலீட்டு அமைப்பு ஒப்புதல் கொடுப்பது ஒன்று, தூண் எழுப்பிக் கூரை போடுவது இன்னொன்று. 2023-ல் ஒப்புதல் பெற்ற முதலீடு 32,950 கோடி வெள்ளி. அதுவும் ஒப்புதல்தான். கட்டிடம் எழும்ப வருடக்கணக்காகும். மூன்றையும் ஒரே வாயில் சொன்னால் எங்கள் அப்பா மாதிரி ஆட்கள் எதை நம்புவார்கள்?

பத்து வெள்ளி முடிவெட்டு

என்னுடையது சின்னது. 2024 ஆகஸ்ட், பிரதமர் டெல்லியில் இருக்கிறார், கடை டிவியில் காட்டுகிறார்கள். அப்போதுதான் தொழிலாளர் ஆள்சேர்ப்புக்கு இந்தியாவோடு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டார்கள். என் கடையில் மூன்று நாற்காலி, இரண்டின் மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன், வெட்ட ஆள் இல்லை. வாடிக்கையாளர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். "ஆள் வரப்போகுது பாருங்க!" என்று அவர் சட்டென்று டிவி பக்கம் திரும்பினார். தாடையில் பிளேடு கீறி ரத்தம் வந்துவிட்டது. இருபத்தைந்து வருடத் தொழிலில் என் கையால் ரத்தம் வந்தது அதுதான் முதல் தடவை. படிகாரம் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன். அவர் காசு கொடுத்தார், நான் வாங்கவில்லை.

துணி இன்னும் எடுக்கவில்லை.

கரங்கான் ஐந்து ஏக்கர்

தொழிற்சாலைக் கதையே பேசுகிறீர்கள். செம்பனைக் குலைக்கு வாருங்கள்.

2023 மே கடைசியில் துணைப் பிரதமர் ஃபடில்லா யூசோஃப் இந்தோனேசிய அமைச்சர் ஏர்லாங்கா ஹர்தார்தோவோடு சேர்ந்து பிரஸ்ஸல்ஸ் போனார். ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புச் சட்டத்தைப் பற்றிப் பேச. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தின் செம்பனை, ரப்பர், மரம், கொக்கோ எதையும் அங்கே விற்க முடியாது என்கிற சட்டம். சிறு தோட்டக்காரர்களைப் பாதிக்கும் என்று இரண்டு அமைச்சர்களும் எடுத்துச் சொன்னார்கள். நம்மைப் பற்றி அவ்வளவு தூரம் போய்ப் பேசுகிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது.

அதற்கப்புறம் ஒருநாள், அந்தச் சட்டத்துக்காக நிலம் எங்கே இருக்கிறது என்று குறிக்க, என் நிலத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். எந்த அலுவலகம் என்று வேண்டாம். பெரிய தோட்டம் என்றால் வரைபடத்தில் எல்லையைச் சுற்றி வரைய வேண்டுமாம். நாலு ஹெக்டருக்குக் கீழே என்றால் ஒரு புள்ளி போதுமாம். என்னுடையது ஐந்து ஏக்கர், இரண்டு ஹெக்டர்தான். ஒரே ஒரு புள்ளி. மழை தூறிக்கொண்டிருந்தது, அவர்கள் மண் சாலையிலேயே காடியை (காரை) நிறுத்தி, உள்ளே இறங்காமல் புள்ளியை வைத்தார்கள். கருவியை என்னிடம் காட்டினார் அந்தப் பிள்ளை. பார்த்தால் புள்ளி ஆற்றில் இருக்கிறது. தண்ணீரில்! "தம்பி, இது ஆறு, என் மரம் இந்தக் கரையில்" என்றேன். "பரவாயில்லை அங்கிள், அடுத்த தடவை சரி பண்ணலாம்" என்றார். குலையோடு நிற்கச் சொல்லி ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்பா தோட்டத்தில் உழைத்த இபிஎஃப் (சேமநிதி) பணத்தில் வாங்கிய நிலம் இது. முதலில் ரப்பர், 1998-ல் செம்பனை. காடே இல்லை. ஆனால் கணக்கில் நான் ஆற்றில் இருக்கிறேன். அந்தச் சட்டத்தைத் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள், 2025 மே மாதம் நம் நாட்டைக் காடழிப்பில் நடுத்தர ஆபத்து வரிசையில் வைத்தார்கள். நாளைக்கு யாராவது அந்தப் புள்ளியைத் திறந்து பார்த்தால் என் குலையை மில்லில் எடுப்பார்களா? அமைச்சர் பிரஸ்ஸல்ஸில் என் பெயரால் பேசினார். என் நிலம் எங்கே இருக்கிறது என்று அவர் கையிலிருக்கும் காகிதம் சரியாகச் சொல்ல வேண்டாமா? தூக்கம் வராத இரவுகளில் அந்த நீலத் திரையில் அந்தச் சிவப்புப் புள்ளிதான் கண்ணில் நிற்கிறது.

ஏற்றுமதி ஆலோசனை

தே தாரே அண்ணனுக்கு. துபாயில் ஒரு உணவுக் கண்காட்சியில் நான் அமைச்சருக்கு எதிரில் நின்று பேசவே வாய் வராமல் போனவன். என் கதை அவ்வளவுதான். ஆனால் நீங்கள் சென்னைக்குத் தூள் எடுத்துப் போனவர், மறுபடியும் போவீர்கள், அதனால் நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஆள் எண்ணிக்கையை யார் கேட்டாலும் இபிஎஃப் கட்டும் பட்டியலில் உள்ளதை மட்டும் சொல்லுங்கள். பட்டியலை மடித்துக் கையோடு வைத்திருங்கள், நாக்கு புரளாது. அடுத்தது, அமைச்சரை விட்டுவிட்டு அவர் பின்னால் வரும் அதிகாரியைப் பிடியுங்கள். ஏற்றுமதியை வளர்க்கும் அரசு அமைப்பான மாட்ரேட் 1993-லிருந்து இந்த வேலையைத்தான் செய்கிறது, சென்னையிலேயே அவர்களுக்கு அலுவலகம் உண்டு. அமைச்சர் அன்றிரவே விமானம் ஏறிவிடுவார், அலுவலகம் அங்கேயே இருக்கும். மறுநாள் காலை அங்கே போய் உட்காருங்கள். வாங்கும் ஆட்களின் பட்டியல் அவர்களிடம்தான் இருக்கிறது.

உங்கள் தூள் சுங்கத்தில் 2101.20 என்ற எண்ணில் வரும் என்று நினைக்கிறேன், பால் மாவு எவ்வளவு கலக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒரு முறை கேட்டு உறுதி செய்யுங்கள். எண் தப்பானால் வரியும் தப்பு. மலேசியா – இந்தியா பொருளாதார ஒப்பந்தம் 2011 ஜூலை 1-லிருந்து நடப்பில் இருக்கிறது. அதன்படி சலுகை வேண்டுமென்றால் பொருள் இங்கே செய்தது என்ற மூலச் சான்றிதழ் வேண்டும். தேயிலை வேறு நாட்டிலிருந்து வந்தால் அதற்கும் கணக்குக் காட்ட வேண்டும். அங்கே இறக்குமதி செய்பவரிடம் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாதவரிடம் அட்வான்ஸ் வாங்காதீர்கள். பாக்கெட்டில் சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி அச்சிட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் அந்தப் புள்ளி இல்லாமல் ஒரு பெட்டகம் முழுக்கத் துறைமுகத்தில் போட்டுவிட்டு வந்தார். காலாவதி நெருங்கிய சரக்கையும் விட மாட்டார்கள். எனவே கப்பல் நாட்களைக் கழித்துத் தேதி போடுங்கள்.

பணம் பற்றி: சந்தை மேம்பாட்டு மானியம் என்று ஒன்று இருக்கிறது, மேசை வாடகையில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ரசீது எல்லாம் அசலாக வேண்டும், பயணம் முடிந்து ஆற அமர விண்ணப்பித்தால் தவணை தாண்டிவிடும். இன்னொன்று, சுவை. சென்னைக்காரர் ஃபில்டர் காப்பி நாக்கு, நம் தே தாரே அவர்களுக்குத் தித்திப்பு அதிகம். சர்க்கரை குறைத்த ஒரு பாக்கெட்டும் கொண்டு போங்கள்.

தே தாரே வியாபாரி

தம்பி, நான் கேட்டது இதுவல்ல, ஆனாலும் நன்றி. பச்சைப் புள்ளி எங்களுக்குத் தெரியாது. மனைவியிடம் படித்துக் காட்டினேன். சர்க்கரை விஷயத்துக்கு மட்டும், "அதை நான் அன்றைக்கே சொன்னேன்" என்றாள். பதினொன்றைப் பற்றி அவளிடம் முதல் முறையாக நேற்றுதான் பேசினேன். "நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது, நீங்களாகச் சொல்வீர்கள் என்றுதான் இருந்தேன்" என்றாள். அந்த அதிகாரியின் பெயரட்டை இன்னும் இருக்கிறது. நாலு பேர் என்று எழுதி அனுப்பப் போகிறேன். யாரும் படிக்காவிட்டாலும் சரி.

மூன்றாம் ஷிப்ட்

கிராணி மகன் அண்ணன் சொன்னது ஒப்பந்த ஆட்கள் விஷயத்தில் சரி. எங்கள் வரிசையிலேயே பாதிப் பேர் அப்படித்தான், நான் அதை விட்டுவிட்டு எழுதியது தப்பு. பயணம் வேண்டும் என்பதில் மட்டும் மாற்றமில்லை. அப்பாவிடம் சொல்லுங்கள், ஒரு கையெழுத்தாவது விழுந்திருக்கிறது, அதில்தான் என் மாசச் சம்பளம் வருகிறது.

கரங்கான் ஐயா, உங்கள் புள்ளிதான் எனக்கு மனசை என்னமோ செய்கிறது. அடுத்த தடவை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நிலப் பட்டா நகல், மில் ரசீது இரண்டையும் எடுத்து வையுங்கள். எனக்கு இந்த வாரம் இரவு ஷிப்ட், வியாழன் காலை எட்டு மணிக்கு முடியும். தம்பி காடியில் நேராக உங்கள் வீட்டுக்கு வருகிறோம், மூன்று பேருமாக அந்த அலுவலகத்துக்குப் போகலாம்.

கரங்கான் ஐந்து ஏக்கர்

வாம்மா. பட்டா இரும்புப் பெட்டியில் இருக்கிறது, எடுத்து வைக்கிறேன். இரவெல்லாம் நின்றுவிட்டு வருவாய், பசியாறிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பாலம் தாண்டி இரண்டாவது மண் சாலை, ஆற்றுக்கு இந்தக் கரை.