புதுப்பிப்பு: போலோவா 208ஆ என்று கேட்டிருந்தேனே, எடுத்துவிட்டேன்

பழைய ஃபோக்ஸ்வாகன் போலோ கார் எடுக்கவா, பெஜோ 208 எடுக்கவா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் இரண்டையும் விட்டுவிட்டு டொயோட்டா விட்ஸ் எடு என்றீர்கள். சரி, எடுத்தது 208.

ஒரே மாலையில் இரண்டையும் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து மரைன் டிரைவ் வழியாக ஓட்டினேன். போலோ 2010இல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கியது சும்மா இல்லை, கதவு சாத்தும்போது வரும் அந்தக் கனத்த 'தொம்' சத்தமே பெரிய காரில் ஏறிய மாதிரி. ஆனால் 208இன் ஸ்டீயரிங் சின்னது, மீட்டரை அதன் விளிம்புக்கு மேலாகப் பார்க்க வேண்டும், சிலருக்கு அது மறைக்கும், எனக்கு இருக்கையைக் கொஞ்சம் உயர்த்தியதும் பொருந்திவிட்டது, அப்புறம் பம்பலப்பிட்டியில் முச்சக்கரவண்டிகளுக்கு நடுவே நுழையும்போது கை அசைந்த பக்கம் மூக்கு திரும்புகிறது பாருங்கள், அந்தச் சந்தோஷம் எனக்குப் போலோவில் வரவில்லை.

வாங்க நினைப்பவர்கள் கவனியுங்கள்: இந்த 208இல் உள்ள 1.2 பியூர்டெக் என்ஜினில் டைமிங் பெல்ட் (வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பட்டி) எண்ணெய்க்குள்ளேயே ஓடுகிறது. பிழையான எண்ணெய் ஊற்றினால் பெல்ட் ஊறிப் பெருத்து, உதிரும் துகள் எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடும். மெக்கானிக்கைக் கூட்டிப்போய், எண்ணெய் மூடியைத் திறந்து, டோர்ச் அடித்து, பெல்ட்டில் வெடிப்பு இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் முற்பணம் கொடுத்தேன்.

உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில்கூட ஜப்பான் காருக்குப் போல பாகங்கள் கேட்டவுடன் கிடைக்காது. அதையும் யோசித்துத்தான் எடுத்தேன்.