அக்காவுக்கு முதலில் வைத்தியம் மனசுக்கா, எடைக்கா?

செங்கை மணி:
அக்காவுக்கு 41 வயது. அம்மா போன பிறகு இரண்டு வருஷமாக ஆளே மாறிவிட்டாள். பகலெல்லாம் படுக்கை. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் சமையலறையில் ரஸ்க் டப்பா திறக்கிற சத்தம் கேட்கும். 13 கிலோ ஏறிவிட்டது. போன வாரம் எடுத்த ஹெச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.2. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்க்கவில்லை. "வெயிட்டைக் குறைங்கம்மா, எல்லாம் தானா சரியாகும்." மனச்சோர்வு பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் சொன்னது சரியா?

வாக்கிங் வாசு:
என்ன தப்பு தம்பி? 6.2 என்றால் சர்க்கரை இன்னும் வீட்டுக்குள் வரவில்லை, வாசலில் நிற்கிறது. இப்போதே திருப்பி அனுப்பலாம். அமெரிக்காவில் 2002இல் வெளியான பெரிய ஆய்வில் இப்படி வாசலில் நின்றவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடும் வாரம் 150 நிமிட நடையும் கொடுத்து, எடையில் 7 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரைக்கே 31தான். சோகத்துக்குச் சர்க்கரை வராது, ரஸ்க்குக்குத்தான் வரும்.

நைட் டியூட்டி:
வாசு சார், அந்த ரஸ்க் டப்பாவைத் திறக்க வைத்தது எது? மனநலப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். நீண்ட துயரம் நீரிழிவைக் கொண்டுவரும் என்று தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 17ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். 2008இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மனச்சோர்வு உள்ளவர்களுக்கு டைப் 2 சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் கூடுதல். தூக்கம் கெடுகிறது, கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறுகிறது. அது கல்லீரலிலிருந்து சர்க்கரையை இறக்கிவிடும், கொழுப்பை வயிற்றில் கொண்டுபோய்ச் சேர்க்கும், இன்சுலினையும் வேலை செய்யவிடாது. எல்லாருக்கும் ஒரே அளவில் நடக்காது, ஆனால் நடக்கிறது.

ஒல்லிக்குச்சி:
எடைதான் எல்லாம் என்பவர்களுக்கு ஒரு சாட்சி. 168 செ.மீ., 62 கிலோ. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ 22, பாஸ். இடுப்பு 36 அங்குலம், ஃபெயில். சர்க்கரை வந்து ஆறு வருஷம். நம்மவர்களுக்குத் தராசை விட இஞ்ச் டேப்தான் உண்மை பேசும்.

வாக்கிங் வாசு:
ஒல்லி சார், அது தொப்பை. நானும் தொப்பையைத்தான் சொல்கிறேன்! சிஸ்டர், 60ஐச் சொல்லிவிட்டு நிறுத்தினால் எப்படி? அமெரிக்க நர்ஸ்கள் 65,381 பேரைப் பத்து வருஷம் பின்தொடர்ந்து 2010இல் வெளியிட்டார்கள். எடை, உடற்பயிற்சி எல்லாவற்றையும் கழித்த பிறகு மனச்சோர்வால் கூடும் வாய்ப்பாக மிஞ்சியது 17 சதவீதம்தான். மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கோ 25. மாத்திரையை நிறுத்திவிட்டு நடங்கள் என்பேன்.

நைட் டியூட்டி:
முதலில் கடைசி வரி. மணி, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று வார்டில் பார்க்கிறவள் நான். அப்புறம், மாத்திரை வரை போகிறவர்களுக்கு நோயே கடுமையாக இருக்கும். அந்த 25இல் மாத்திரையின் குற்றம் எவ்வளவு என்று அந்தக் கணக்கு பிரித்துச் சொல்லாது.

இப்போது 17. சோர்வால் எடை ஏறி, எடையால் சர்க்கரை வருகிறது என்றால், எடையைக் கழிக்கும்போது சோர்வு வந்த வழியையும் சேர்த்தே கழிக்கிறீர்கள். ஆற்றுத் தண்ணீரையெல்லாம் வாய்க்கால் கணக்கில் எழுதிவிட்டு, ஆறு வற்றிக் கிடக்கிறது என்கிற கதை. அதே ஆய்வின் மறுபாதியை ஏன் விட்டீர்கள்? சர்க்கரை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு 29 சதவீதம் கூடுதல், இன்சுலின் போடுகிறவர்களுக்கு 53.

வாக்கிங் வாசு:
வாய்க்கால் கதை சரி, ஒத்துக்கொள்கிறேன். மாத்திரை விஷயத்திலும் வாய் நீண்டுவிட்டது. ஆனால் நடை மனசுக்கும் மருந்துதானே?

நைட் டியூட்டி:
மருந்துதான். ஆனால் பல் தேய்க்கவே எழ முடியாதவரிடம் பத்தாயிரம் அடி நடக்கச் சொன்னால், முடியாமல் போன குற்றவுணர்வும் சேர்ந்துகொள்ளும். சென்னை, டெல்லி உட்பட நம் நாட்டின் நான்கு இடங்களில், சர்க்கரையும் மனச்சோர்வும் சேர்ந்த 404 பேரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இரண்டையும் ஒரே குழு கவனித்துப் பார்த்தது. 2020இல் வந்த முடிவு: மனச்சோர்வும், கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பில் ஒன்றாவதும் நன்றாகக் குறைந்தவர்கள் 71.6 சதவீதம். வழக்கமான வைத்தியத்தில் 57.4. மணி, அக்கா என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?

செங்கை மணி:
ராத்திரி மிர்ட்டாசபின் ஒன்று, மனச்சோர்வுக்கு, சிஸ்டர். எட்டு மாதமாக.

நைட் டியூட்டி:
அது தூக்கம் தரும், பசியையும் கிளப்பும். ஃப்ளூவாக்ஸெட்டின் மாதிரி எடையை அதிகம் ஏற்றாதவை உண்டு. மாற்றலாமா என்று எழுதிக்கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள். 6.2 என்பதையும் சொல்லுங்கள், அவருக்குத் தெரிந்திருக்காது.

செங்கை மணி:
வெள்ளிக்கிழமை போகிறோம். மாத்திரை அட்டையையும் சுகர் ரிப்போர்ட்டையும் ஒரே கவரில் போட்டுவிட்டேன். நேற்று டப்பா சத்தம் கேட்டதும் நானும் போய் உட்கார்ந்தேன். அம்மாவைப் பற்றி ஒரு மணி வரை பேசினாள். இரண்டே ரஸ்க். அதில் ஒன்று எனக்கு.

வாக்கிங் வாசு:
நல்லது தம்பி. கிளினிக்குக்கு ஆட்டோவில் போனாலும், ஒரு தெரு முன்னாலேயே இறங்கிக்கொள்ளுங்கள்.