96 வர வேண்டிய இடத்தில் 97 வருகிறது

காற்றாடி:
கயத்தாறு பக்கம் காற்றாலைகளின் மீட்டர் தரவைப் பார்ப்பது என் வேலை. நிமிடத்துக்கு ஒருமுறை கிலோவாட் அளவு மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் டேபிளில் விழும். கரண்ட் கணக்கெல்லாம் கால் மணி நேர பிளாக்கில்தான், நாளுக்கு 96. நேரத்தை யூனிக்ஸ் நொடியாக்கி (1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் நொடி), 900-ஆல் வகுத்து, ரவுண்ட் போட்டு, திரும்ப 900-ஆல் பெருக்கி குரூப் பை செய்தேன். 97 வரிசை வருகிறது! முதல் வரிசையில் 8 அளவுகள், கடைசியில் 7, நடுவில் எல்லாம் 15. நேற்று முழுக்க மீட்டரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

பழைய டிபிஏ:
மீட்டர் பாவம். ஏழரை உங்கள் க்வெரியில் இருக்கிறது. ரவுண்ட் பக்கத்து எல்லைக்குத் தள்ளும். ஏழரை நிமிடம் தாண்டினால் அடுத்த பிளாக். அதனால் 23:53 முதல் வந்தவை மறுநாள் 00:00-க்குத் தாவிவிட்டன. நடுவில் 15 இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள், 00:15 என்ற வரிசையில் இருப்பது 00:08 முதல் 00:22 வரை. ரவுண்டை எடுத்துவிட்டு, எப்போதும் கீழ் எல்லைக்கே இறக்கும் ஃப்ளோர் போடுங்கள். அப்புறம், ஒரு நாளின் தரவை மட்டும் வடிகட்டும்போது வேர் (WHERE) நிபந்தனையில் நேரம் இருக்கும் நெடுவரிசையை எந்த ஃபங்ஷனுக்குள்ளும் போடாதீர்கள், தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் பயன்படாமல் போகும். இன்று 00:00-க்குச் சமம் அல்லது அதிகம், நாளை 00:00-க்குக் குறைவு என்று எழுதினால் போதும்.

காற்றாடி:
96 வந்துவிட்டது, நன்றி அண்ணா. அதே தெம்பில் மணிக்கணக்குக்காக 900-ஐ 3600 ஆக்கினேன். 9:30, 10:30, 11:30 என்று வருகிறது. இது என்ன கூத்து?

பழைய டிபிஏ:
யூனிக்ஸ் நொடி யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கு. நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அந்த அரை மணி 15 நிமிடத்தில் மீதியில்லாமல் வகுபடும், 60-இல் வகுபடாது. வகுக்கும் முன் 1800 கூட்டுங்கள், பெருக்கிய பின் கழித்துவிடுங்கள்.

நடுநிசி:
போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 14-ஆம் பதிப்பு முதல், நேரத்தை பிளாக்குகளாகப் பிரிக்கும் டேட்_பின் ஃபங்ஷன் இருக்கிறது. தொடக்கப் புள்ளியை நாமே கொடுக்கலாம் என்பதால் இந்த 1800 வித்தை வேண்டாம். மைஎஸ்க்யூஎல்லில் கையால்தான் செய்ய வேண்டும். அது கிடக்கட்டும், ஒரு கேள்வி. மீட்டர் 10:15 என்று எழுதினால் அது 10:15-இல் தொடங்கும் நிமிடமா, 10:15-இல் முடியும் நிமிடமா? முடிவது என்றால் ஃப்ளோர் அதை அடுத்த பிளாக்கில் போட்டுவிடும். முதலில் ஒரு நொடி கழிக்க வேண்டும்.

காற்றாடி:
மீட்டர் கையேட்டைப் பார்த்தேன். முடிவு நேரம்தான். இத்தனை மாத அறிக்கையும் ஒரு நிமிடம் தள்ளித்தான் போயிருக்கிறது, மேலதிகாரியிடம் எப்படிச் சொல்வேனோ. ஒரு நொடி கழித்தேன். மறுபடி 97! இன்றைய 00:00 நேற்றின் 23:45 பிளாக்குக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. வேர் நிபந்தனையில் 'சமம்' என்பதை இன்றிலிருந்து எடுத்து நாளை பக்கம் வைத்ததும் 96.